‘இது ஊர்ல இருக்கிற வூடு’: பால்வாடிக்கு வந்த ஏ.ஆர். அட்டைகள்

என் அம்மா எங்கள் காலனி பால்வாடியில் ஆயா. அரசு ஆவணங்களில் அந்த வேலைக்கு ‘அங்கன்வாடி உதவியாளர்’ என்று பெயர். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கூட்டி வருவது, கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, சோறு ஆக்குவது, கால் கழுவி விடுவது எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். நான் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இரண்டரை வருடம் முப்பரிமாண உருவங்கள் செய்யும் வேலையில் இருந்தேன். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஏ.ஆர். எழுத்து அட்டைகள் தயாரிக்கும் நிறுவனம் அது. அட்டையைத் தரையில் வைத்து அதன் மேல் போன் கேமராவைக் காட்டினால், அட்டையில் இருக்கும் படம் திரையில் எழுந்து நிற்கும், நடக்கும், கத்தும்.

ஏ.ஆர். என்றால் ஆக்மென்டட் ரியாலிட்டி. தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். கேமரா காட்டும் நிஜக் காட்சியின் மேல், அங்கே இல்லாத ஒன்றை இருப்பதுபோல ஏற்றிக் காட்டுவதுதான் வேலை. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில், விமானத்துக்கு ஒயர் கட்டும் தொழிலாளர்களுக்கு வழிகாட்ட ஓர் ஏற்பாட்டை யோசித்தபோது பிறந்த பெயர் இது. இன்று இன்ஸ்டாகிராமில் நாய்க்காது ஒட்டிக்கொண்டு படம் எடுக்கிற நாம் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனபோது ஓர் அட்டைக் கட்டையும் நிறுவனத்தின் போனையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. குழந்தைகள் இரண்டாவதுதான். பொய் சொல்வானேன்.

முதலில் யானை அட்டை. சிமெண்ட் தரையில் யானை எழுந்து காதை ஆட்டியதும் பதினான்கு குழந்தைகளும் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் வாலைப் பிடிக்கப் போனுக்குப் பின்னால் கையை நீட்டினான். திரையில் அவன் கை யானைக்கு அடியில் மறைந்துபோனது. வெடுக்கென்று வெளியே இழுத்து விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டான். அதுவரை வாயே திறக்காத ஒரு குழந்தை, யானை நடக்க நடக்கப் பின்னாலேயே ஓடியது. டீச்சர் சிரித்துக்கொண்டே, “ஆறு மாசமா இதை ஒரு வார்த்தை பேச வைக்க முடியல, இப்ப பாரு” என்றார். ஏ.ஆர். ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் காலையைத்தான் நினைத்துக்கொள்வேன். ஆச்சரியம் நிஜம். அது எந்தக் குழந்தைக்கும் உரிமையானது.

பிறகு ‘வீ’ அட்டையை வைத்தேன். வீடு எழுந்து நின்றது. சரிவான சிவப்புக் கூரை, பக்கத்தில் புல்தரை, முன்னால் துளசி மாடம், வாசலில் கோலம். நாலு வயதுப் பெண் ஒருத்தி என் மடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரு வூடு அத்த?”

“உன் வூடுதான்னு வெச்சுக்கோ.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். “இல்ல. இது ஊர்ல இருக்கிற வூடு” என்றாள். கோபமில்லை, வருத்தமில்லை. யானைக்குத் தும்பிக்கை இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஊர் என்றால் நாங்கள் இல்லாத இடம் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாலு வயதில், ‘வீடு’ என்று எழுதத் தெரிவதற்கு முன்னால், எந்த மாதிரி வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு நான் கொண்டுபோன பாடம் அதை உறுதி செய்தது. அந்த வீட்டைச் செய்தவள் நான்.

செய்தேன் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். முப்பரிமாண உருவங்களைச் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் முதலிலிருந்து செய்வதில்லை. இணையத்தில் உருவங்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. சில டாலருக்கு ஆயத்த வீடு, ஆயத்த மரம், ஆயத்தக் குழந்தை கிடைக்கும். வீடு என்று தேடினால் அமெரிக்கப் புறநகர் வீடுகள் வரிசை கட்டி நிற்கும். அதில் ஒன்றை வாங்கினோம். கார் நிறுத்தும் இடத்தை வெட்டி எடுத்தேன். ‘நம்ம கல்ச்சர் டச் வேணும்’ என்று மேலாளர் சொன்னதால் துளசி மாடம் வைத்துக் கோலம் போட்டேன். ஒரே மதியத்தில் அமெரிக்க வீடு தமிழ் வீடு ஆகிவிட்டது. எந்தத் தமிழரின் வீடு என்று அறையில் இருந்த யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அட்டைப் பட்டியல் முடிவான கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘எ’ வரிசைக்கு எருமை என்றேன். எலி போதும், சின்னதாக க்யூட்டாக இருக்கும் என்றார்கள். பன்றி என்றபோது சிரித்தார்கள். எங்கள் தெருக் குழந்தைகள் ஒட்டகச்சிவிங்கியை வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை, பன்றியைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் அட்டையில் ஒட்டகச்சிவிங்கிதான். முட்டை அட்டை ஒரு வாரம் பட்டியலில் இருந்தது, பிறகு ‘வெஜ் பேரன்ட்ஸ்’ மனம் கோணக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். பால்வாடியில் முட்டை போடுகிற நாளன்று வருகை எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

‘ப’வுக்குப் பறை வைக்கலாமே என்றேன். ஒரு நொடி அறை அமைதியானது. யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பிறகு ஒருவர், “நியூட்ரலா ஏதாவது போடலாம், மிருதங்கம் மாதிரி” என்றார். மிருதங்கம் நடுநிலையான வாத்தியம் ஆகிவிட்டது. அந்த மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டுகிற குடும்பங்கள் யார், அவர்கள் எந்தச் சாதி, மேடையில் அவர்களுக்கு என்ன இடம் என்பதைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். தோல் ஒன்றுதான். தட்டுகிற கை மாறினால் ஒன்று கல்ச்சர், மற்றது சங்கடம்.

அந்த அமைதிக்குப் பிறகு நான் எந்த யோசனையும் சொல்லவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற டவுனின் பெயரைச் சொல்லிப் பழகியவள் நான். வேலை வேண்டும், வாடகை கட்ட வேண்டும். ‘அம்மா’ அட்டைக்கு முதலில் என் அம்மாவின் நிறத்தைத்தான் வைத்தேன். ‘லைட்டிங்ல ஏதோ பிரச்சினையா?’ என்று கேட்டுத் திரும்பி வந்தது. மூன்று முறை திருத்திய பிறகு கோதுமை நிறத்தில் ஓர் அம்மா ஒப்புதல் பெற்றார். அந்த அட்டையை மட்டும் நான் எங்கள் பால்வாடியில் எடுக்கவில்லை. என் அம்மா பக்கத்திலேயே முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊருக்குள் இருக்கும் பால்வாடிக்குப் போனேன். ஆம், எங்கள் கிராமத்தில் இரண்டு பால்வாடி. மக்கள்தொகைக் கணக்குதான் காரணம் என்று கோப்பில் எழுதியிருக்கும். அம்மா வரவில்லை, “நீ போய்ட்டு வா” என்றார். அங்கே ஒன்பது பேர்தான் இருந்தார்கள். வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் காலையிலேயே வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் நர்சரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவன் எங்கள் காலனிப் பையன். அவன் அம்மா செங்கல் சூளைக்குப் போகிற வழி அது, அதனால் அங்கே விடுகிறார்.

அந்த டீச்சர் ஆர்வமாக இருந்தார். தன் கைபேசியிலேயே செயலியை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு குழந்தையையும் கூப்பிட்டுக் கையில் போனைக் கொடுத்து, திரையைத் தொட்டு யானையை வரவழைக்கச் சொன்னார். இரண்டு பேர் போனைக் கீழே போட்டார்கள், எடுத்துத் துடைத்து அடுத்த குழந்தையிடம் கொடுத்தார். எங்கள் பையன் முறை வந்தது. போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு யானையைத் தானே வரவழைத்தார். “நீ பாரு, போதும்” என்றார். குரலில் கடுமை இல்லை. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

கேட்டால், போன் உடைந்துவிடும் என்ற பயம் என்பார். முழுப் பொய்யும் இல்லை; அது அவர் சொந்தப் பணத்தில் வாங்கிய போன். ஆனால் கீழே போட்டவர்கள் வேறு இரண்டு பேர். அந்த இடத்தில் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நன்றி சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதை நம்மில் பலர் படித்திருப்போம். தனிச் சாக்கில் உட்கார வேண்டும். குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் தண்ணீர், பியூன் வராவிட்டால் தாகம். குழாய் என்பதும் அன்றைக்குப் புதிய தொழில்நுட்பம்தான். தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும். திருகைத் தொடும் கையில்தான் சிக்கல். இன்று நம் கையில் இருப்பதற்குப் பெயரே தொடுதிரை. தொட்டால்தான் வேலை செய்யும். ஒரு வகுப்புக்கு ஒரே போன் என்று வருகிற எந்தத் திட்டமும் ‘யார் தொடுவது’ என்ற கேள்வியைத் தன்னோடு கூட்டிக்கொண்டுதான் வருகிறது. செயலி செய்கிறவர்களின் பட்டியலில் அந்தக் கேள்வி இருந்ததே இல்லை. ‘பயனர்’ என்று ஒருவரை வைத்துத்தான் திரையை வடிவமைப்போம். அந்தப் பயனருக்குச் சாதி கிடையாது, ஆகவே நடைமுறையில் அவர் யாராக இருப்பார் என்று நமக்குத் தெரியும்.

பால்வாடியை ஏதோ சாதிக்கு வெளியே இருக்கும் இடம்போல நினைக்க வேண்டாம். 2019இல் மதுரை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடிக்கு நியமிக்கப்பட்ட இரண்டு தலித் பெண்களை, ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள் என்பதற்காக வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 2018இல் அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். ‘என் பிள்ளை அந்தக் கையால் சாப்பிடக்கூடாது’ என்பதைக் குழந்தை கற்றுக்கொள்வது இந்த வயதில்தான், இந்த இடங்களில்தான்.

யோசித்தால், இல்லாத ஒன்றை இருப்பதன் மேல் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. கண் முன்னால் இருப்பது மூக்கு ஒழுகும் ஒரு குழந்தை. அதே மண், அதே கை, அதே பசி. அதன் மேல் பிறப்பு, தீட்டு, உயர்வு தாழ்வு என்று ஒரு படலத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள். சாதி செங்கல் சுவர்போல இடித்துத் தள்ளும் பொருளாக இல்லாமல் மனத்தில் குடியிருக்கும் எண்ணமாக இருக்கிறது என்று ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான். எந்தப் போனும் தேவைப்படாத ஏ.ஆர். இது. புதிய ஏ.ஆர். வந்து அதன் மேல் உட்காரும்போது, அடியில் இருப்பதையும் சேர்த்துத்தான் காட்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2016இல் ‘போக்கிமான் கோ’ விளையாட்டு உலகையே தெருவுக்கு இழுத்தது. விளையாட்டுக்குத் தேவையான பொருட்கள் கிடைக்கும் இடங்கள் அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் மண்டிக் கிடந்தன, கறுப்பர் பகுதிகளில் அரிதாக இருந்தன. அந்நாட்டுப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அதே நிறுவனம் அதற்கு முன் வெளியிட்ட ‘இன்கிரஸ்’ விளையாட்டின் ஆட்டக்காரர்கள் பரிந்துரைத்த இடங்களையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் தாங்கள் புழங்கும் தெருக்களைப் பரிந்துரைத்திருந்தார்கள். பிரிந்து கிடந்த நகரம் அப்படியே விளையாட்டுக்குள் இறங்கிவிட்டது. எங்கள் அட்டைப் பட்டியல் கூட்டத்தில் நடந்ததும் இதுவேதான். உள்ளே இருந்தவர்கள் தங்கள் வீட்டைப் போட்டார்கள்.

கருவியின் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பால்வாடி டீச்சரின் போனில் அந்தச் செயலி திறக்கவே இல்லை. ‘உங்கள் சாதனம் ஆதரிக்கப்படவில்லை’ என்று வந்தது. அட்டை இல்லாமல் தரையிலேயே உருவத்தை நிறுத்தும் வகை ஏ.ஆருக்குப் போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் கைரோஸ்கோப் என்ற சில்லு வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அதுதான் முதலில் வெட்டப்படும். தரையில் கோடோ புள்ளியோ இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தாலும், வெளிச்சம் குறைந்தாலும் கேமரா திணறும். பல்பு ஒன்று எரியும் எங்கள் வீடுகளில் ராத்திரி ஏழு மணிக்குத்தான் அப்பாவின் போன் குழந்தை கைக்கு வரும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா என்றால் மாதம் ஒருமுறை. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்று ஒரு தலைமுறையை இந்த போன்களை நம்பி விட்டோம். அதன் பிறகு, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களை வீதிக்கு அனுப்பித்தான் விட்டதைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆள் போக வேண்டியிருந்தது, அதுதான் விஷயம்.

இன்னொன்றும் கவனிக்கிறேன். பணக்காரப் பள்ளிகள் இப்போது மண், மரப் பொம்மை, களிமண், தோட்டம் என்று விளம்பரம் செய்கின்றன. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் திரை நேரம் ஒரு மணியைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னதை அங்கே பெற்றோர் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்கு மண். மண்ணிலேயே பிறந்து வளரும் எங்கள் குழந்தைகளுக்குத் திரை. ஆசிரியர் போதாத இடத்தை நிரப்பத் திரை வரும்போது அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர் வைக்கிறார்கள். இரண்டு லட்சம் அங்கன்வாடிகளை எல்.இ.டி. திரையோடு மேம்படுத்தும் ‘சக்ஷம் அங்கன்வாடி’ திட்டத்தை ஒன்றிய அரசு வைத்திருக்கிறது. வரட்டும். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு என்ன தருகிறார்கள்? 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த கணக்குப்படி பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மேலே மாநில அரசு சேர்த்துப் போடுகிறது என்பதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதற்குப் பெயர் சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

கேமராவோ ஏற்கெனவே பால்வாடிக்குள் வந்துவிட்டது. குழந்தைக்கு யானை காட்ட வரவில்லை. ‘போஷன் டிராக்கர்’ செயலியில், வீட்டுக்குச் சத்துணவுப் பொருள் வாங்க வரும் தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறையை 2025 ஜூலை முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று முகத்தை வைத்துச் சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தபோது, வெளுத்த ஆண்களிடம் தவறே இல்லை என்னும் அளவுக்கு இருந்த மென்பொருள், கறுத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறியது. வெயிலில் களை எடுத்துவிட்டு வந்து நிற்கும் தாயின் முன்னால் நீட்டப்படும் எந்த முகச் சரிபார்ப்புக் கேமராவையும் பார்த்து நான் இந்தக் கேள்வியைக் கேட்பேன். தரமற்ற போன்களைக் கொடுத்து வேலை வாங்குகிறார்கள் என்று 2021இல் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பெண்கள் போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்று அவர்களைக் கேலி செய்தவர்களுக்கு, தொழில்நுட்பத்தைப் பற்றி அவர்கள் அளவுக்குத் தெளிவான விமர்சனம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அரசின் கருணை சார்ந்த பேச்சாக மாற்றியது எது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு முதலில் 14 வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர, பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. கீழ் வரம்பு எதுவும் அதில் இல்லை. 2002இல் 86ஆவது திருத்தம் வந்து 6 முதல் 14 வரை மட்டும் அடிப்படை உரிமை ஆக்கியது. மூன்று வயதுக் குழந்தை அந்த உரிமைக்கு வெளியே நின்றுவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டமும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்பதோடு நின்றுகொண்டது. உரிமை இல்லாத இடத்தில்தான் அட்டை விற்பவர்கள் வருகிறார்கள். என் பழைய நிறுவனம் உட்பட.

அதனால் தொழில்நுட்பமே வேண்டாம், திண்ணைக்குத் திரும்புவோம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. திண்ணையில் எங்களுக்கு இடம் இருந்ததில்லை. 1940களிலேயே பெரியார் ‘இனி வரும் உலகம்’ என்று எழுதி, ஆளுக்கு ஆள் உருவம் பார்த்துப் பேசும் கருவி வரும், ஓரிடத்திலிருந்து பல இடத்தாருக்குப் பாடம் சொல்லித்தர முடியும் என்று மகிழ்ச்சியோடு எதிர்பார்த்தார். இயந்திரத்தைச் சபித்த காந்தியத்தை எதிர்த்து, உழைப்பவருக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க இயந்திரம் வேண்டும் என்று வாதாடினார் அம்பேத்கர். அந்த மரபில் வந்தவர்கள் ஏ.ஆரைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. அதில் எழுந்து நிற்பது யார் என்று கேட்டால் போதும்.

குழந்தைகளுக்கு வேறு மாதிரிப் படங்கள் சாத்தியம் என்பதையும் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். தோல் பதனிடுபவர், குயவர், மாடு மேய்ப்பவர் ஆகியோரின் அறிவைப் பற்றிக் காஞ்சா அய்லய்யா எழுதிய குழந்தைகள் புத்தகத்துக்கு 2007இல் துர்காபாய் வியாம் என்ற கோண்டு ஓவியர் படம் வரைந்தார். ஹைதராபாத் அன்வேஷி அமைப்பு ‘டிஃபரன்ட் டேல்ஸ்’ வரிசையில் தலைக்கறி சமைக்கும் வீட்டைக் குழந்தைக் கதையாகக் கொண்டுவந்தது. காகிதத்தில் முடிந்தது திரையில் முடியாதா?

நான் வேலையை விட்டேன். வீரமாக ஒன்றும் இல்லை, ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கக் கேட்கவில்லை. இப்போது வேறு வேலை. ஆனால் கார்த்திகையில் ஊருக்குப் போனபோது எங்கள் பால்வாடியில் அம்மாவும் டீச்சரும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். அட்டைகளைக் குழந்தைகளே வரைந்தார்கள். அட்டையை அடையாளம் கண்டு உருவத்தைக் காட்டும் வகை ஏ.ஆருக்கு விலை உயர்ந்த போன் தேவையில்லை, டீச்சரின் போனிலேயே ஓடியது. ஒரு சிக்கல்: வெள்ளைத் தாளில் ஒரு கிரேயான் கோடு மட்டும் இருந்தால் கேமராவுக்குப் பிடி கிடைக்காது. ஓரங்களும் அழுத்தமான நிற வேறுபாடும் வேண்டும். அதனால் இலை, பீடி உறை, துணித் துண்டு, சோளத் தட்டை என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டினோம். முப்பரிமாண உருவம் செய்யவும் இல்லை. போனில் எடுத்த படங்களைச் சுற்றி வெட்டி, அட்டையின் மேல் செங்குத்தாக நிற்க வைத்தேன், சினிமா கட்-அவுட் மாதிரி. பன்றி வந்தது, குட்டிகளோடு. எருமை வந்தது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பறையோடு வந்தார், அவர் அடித்த அடியையே பதிவு செய்து சேர்த்தோம். ‘அ’ அட்டைக்கு ஒவ்வொரு குழந்தையின் அம்மாவும் நின்றார்கள். நிறம் திருத்தவில்லை. போனைத் தரையில் நான்கு செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டோம், யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து அட்டையை அடியில் வைக்கலாம், திரையைத் தொடலாம்.

இதை மாதிரித் திட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலனிக்குள்ளேயே நடந்தது இது. ஊர்ப் பால்வாடியில் இதே பன்றி அட்டை எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்தப் பையனின் கை இன்னும் பின்னால்தான் கட்டியிருக்கிறது. இரண்டு பால்வாடி ஒன்றாக வேண்டும், அது காலனியில் இருந்தாலும் ஊர்க் குழந்தைகள் வந்து என் அம்மா ஆக்கிய சோற்றைத் தின்ன வேண்டும், ஆயாவுக்குச் சம்பளம் என்ற பெயரில் சம்பளம் வர வேண்டும். இதற்கெல்லாம் செயலி கிடையாது. நம்மில் எத்தனையோ பேர் இப்போது டிசைனிலும் கோடிங்கிலும் இருக்கிறோம். அட்டைப் பட்டியல் கூட்டங்கள் தினமும் நடக்கின்றன. அந்த ஒரு நொடி அமைதிக்குப் பிறகும் இரண்டாவது முறை ‘பறை’ என்று சொல்லியிருக்கலாம் என்று நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘வீ’ அட்டைக்கு அந்தச் சின்னப் பெண்ணின் தொகுப்பு வீட்டையே படம் எடுத்திருந்தேன். காரை பெயர்ந்த சுவர், வாசலில் பிளாஸ்டிக் குடம், ஜன்னலில் கட்டிய பழைய சேலை. அட்டையை அவளே வைத்தாள். வீடு எழுந்து நின்றது. எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் குனிந்து திரையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள்.

“அத்த, எங்க ஆட்டுக்குட்டி எங்க?”

வாசலில் கட்டியிருந்தது. படத்தைச் சுற்றி வெட்டும்போது, வீடு தெளிவாகத் தெரியட்டும் என்று நான்தான் அதை நீக்கிவிட்டிருந்தேன். அடுத்த முறை குட்டியோடு எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் விற்றுவிடாமல் இருக்க வேண்டும்.